பியானோக்காரர் வருகிறார்

2019 செப்டம்பர் 17, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, புரூக்ளின் புஷ்விக்கில், மோர்கன் ரயில் நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி நிற்கும் பழைய குடைத் தொழிற்சாலையின் மூன்றாம், நான்காம் தளங்களில் குடியிருந்த ஒன்பது வீட்டாருக்கும் ஒரே வாசகம் கொண்ட ஒன்பது கடிதங்கள் வந்து சேர்ந்தன. கட்டட உரிமையாளர் கார்மன் பெல் அவற்றில் மூன்று செய்திகளைத் தெரிவித்திருந்தார். எங்கள் ஒப்பந்தங்கள் யாவும் பட்டறைக்கான வாடகை ஒப்பந்தங்கள். அவை டிசம்பர் 31 அன்று முடிவடைகின்றன. இக்கட்டடத்தில் எக்காலத்திலும் எவரும் வசித்ததில்லை என்பதற்கு ஆய்வாளர்களின் அறிக்கைகளே சான்று.

மூன்றாவது செய்தி பொய். அந்தப் பொய்யைச் செங்கல் செங்கலாகக் கட்டியவள் நான்.

என் பெயர் வினிஃப்ரெட் ஹாஸ்லெட். அப்போது எனக்கு வயது எழுபத்தொன்று. முப்பத்து நான்கு ஆண்டுகள் மன்ஹாட்டன் நாடக அரங்குகளில் மேடை மேலாளராக இருந்தேன். எந்த நாற்காலி எந்த நொடியில் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கவனிப்பதே அவ்வேலை. ஓய்வுபெற்ற பின், 2009இல், நான்காம் தளத்தில் 4-A என்னும் லாஃப்ட் வீட்டை வாடகைக்கு எடுத்தேன். அறைத் தடுப்புகளே இல்லாத ஒரே கூடம். பதினாறடி உயரக் கூரை. தெற்கே ஆறு பெரிய சன்னல்கள். சரக்குத் தூக்கியில் என்னை மேலே அழைத்துவந்த பெல், "இங்க யாரும் தூங்கக் கூடாது, தெரியும்ல? சட்டப்படி இது பட்டறை மட்டும்தான்" என்றார். அதே மூச்சில் வடகிழக்கு மூலையைக் காட்டி, "கட்டிலை அங்க போடுங்க, காலை வெயில் மூஞ்சியில அடிக்காது" என்றார்.

அக்காலத்தில் அப்பகுதியில் எல்லாரும் அப்படித்தான் குடியிருந்தார்கள். பெல்லுக்கு வாடகை வந்தது. எங்களுக்கு வேறெங்கும் கிடைக்காத இடமும் வெளிச்சமும் கிடைத்தன. ஆய்வாளர் வரும் நாள்களில் மட்டும் நாங்கள் இல்லாமல் போக வேண்டியிருந்தது. பெல்லுக்கு எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிடும். உடனே யாராவது ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, "பியானோக்காரர் வர்றார்" என்பார். அக்கட்டடத்தில் ஒரு பியானோவும் கிடையாது.

2010இல் நான் கண்ட முதல் ஆய்வு வெட்கக்கேடாக நடந்தது. 3-B வீட்டில் பானை வனையும் டோவா லிண்ட்கிரென் தன் கட்டிலின்மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி, அது முடிவுபெறாத சிற்பம் என்றாள். சிற்பத்துக்கு அடியில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. பெல் எதையோ பேசிச் சமாளித்தார். அன்று எனக்குப் பொய் உறுத்தவில்லை; ஒழுங்கின்மைதான் உறுத்தியது. மறுவாரமே ஒரு பச்சை அட்டைக் குறிப்பேட்டை வாங்கிப் பக்கங்களுக்கு எண்ணிட்டேன்; விதிகளை வகுத்தேன். கட்டில்கள் சுவரோடு மடிந்து துணிச்சுருள்களுக்குப் பின்னே மறையும். பல் துலக்கிகள் தூரிகைகளோடு சேர்ந்து சாய டப்பாக்களில் நிற்கும். படுக்கைக்கு மேலே, புகை கண்டால் அலறும் புகை மணி இருந்தால் அதன்கீழ் ஒருவர் உறங்குகிறார் என்று பொருளாகும். ஆகவே அவற்றைக் கழற்றி ஒரு பெட்டியில் வைப்போம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு ஒத்திகை. வீடுகளைப் பட்டறைகளாக்க நாற்பது நிமிடம் எடுத்த மாற்றத்தைப் பதினொரு நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வோர் ஒத்திகையையும் ஒவ்வோர் ஆய்வையும், வீடு வாரியாக, கட்டில், தொட்டில், அடுப்பு, ஆள் என எல்லாவற்றோடும் குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தின் அடியில் கையெழுத்திட்டேன்.

எனக்கு அடுத்த வீடு 4-C. அங்கே அன்செல்மோ கிரோகா இருந்தார். இரவு முழுவதும் ரொட்டிச் சூளையில் நின்றுவிட்டுப் பகலில் உறங்குபவர். அவரை ஒவ்வொரு முறையும் எழுப்பி வெளியே அனுப்புவது கொடுமையாக இருந்தது. ஆகவே அவர் கட்டிலுக்கு முன்னே, நாடக மேடைகளில் நிறுத்துவதுபோல, அலமாரி போல வண்ணம் தீட்டிய ஒரு பொய்ச்சுவரை நிறுத்தினேன். அவருக்கு ஒரே விதி: நான் சுவரில் மூன்று முறை தட்டும்வரை ஓசை எழக் கூடாது. குறிப்பேட்டின் ஆள் பட்டியலில் 4-Cக்கு நேரே, மாற்றத்துக்குப் பின், "ஆள் இல்லை" என்று எழுதுவேன்.

கடிதம் வந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, டோவாவின் வீட்டில் கூடினோம். எங்களுக்காக வாதாட ஒப்புக்கொண்டிருந்த வழக்கறிஞர் இக்கென்னா ஒடூயா, களிமண் படிந்த முக்காலி ஒன்றில் கைக்குட்டையை விரித்து அமர்ந்தார்.

"சட்டம் உங்க பக்கம்தான்," என்றார். "ஜூன்ல திருத்தியிருக்காங்க. 2015, 16ல தொடர்ந்து பன்னெண்டு மாசம் இங்க குடும்பங்க வாழ்ந்திருக்குன்னு காட்டணும். காட்டிட்டா பெல் உங்களை அசைக்க முடியாது. சரி, என்ன காட்டப் போறீங்க?"

டோவா சிரித்தாள்.

"என் டிரைவிங் லைசென்ஸ்ல எங்கம்மா வீட்டு அட்ரஸ். லெட்டரெல்லாம் தபால் பெட்டிக்கு. கரண்டு மீட்டர் பெல் பேர்ல. பத்து வருஷமா நான் ஒரு பேய், சார்."

"போட்டோ?"

"நிறைய இருக்கே. எல்லாத்துலயும் மண்ணைப் பிசைஞ்சிட்டு உக்காந்திருக்கேன். கட்டில் தெரியற படம் எதையும் யாரும் எடுக்கவே கூடாதுன்னு மேடத்தோட விதி. எட்டாவது விதி. எட்டா, ஒம்பதா மேடம்?"

"ஒன்பது," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஒடூயா சிரிக்கவில்லை. அவர் அன்செல்மோவின் பக்கம் திரும்பினார்.

"உங்க கேஸ்தான் ரொம்பக் கஷ்டம், மிஸ்டர் கிரோகா. மத்தவங்ககிட்ட சாட்சி இல்ல. உங்களுக்கோ எதிர்சாட்சியே இருக்கு. 2016ல தீப்பிடிச்சப்போ ஆஸ்பத்திரியில நீங்க எழுதிக் கொடுத்திருக்கீங்க, 'வேலை நடுவுல கண்ணயர்ந்துட்டேன்'னு. மத்த எட்டு வீடு நின்னாலும் உங்க வீடு போயிடலாம்."

"பெல் அப்படிச் சொல்லச் சொன்னார்," என்றார் அன்செல்மோ. மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "இல்லேன்னா அத்தனை பேரையும் வெளிய தள்ளிடுவாங்கன்னார். தள்ளட்டும்னு விட முடியுமா?"

டோவா திடீரென்று நிமிர்ந்தாள். "மேடம், அந்தப் பச்சை நோட்டு! யார் வீட்ல எத்தனை கட்டில், என் குழந்தையோட தொட்டில் எந்த மாசம் வந்துச்சு, எல்லாம் அதுல இருக்குமே! எங்க அது?"

"எங்க வச்சேன்னு நினைவில்ல," என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்களா? பாத்திரம் கழுவற துணிக்குக்கூட நம்பர் போடற ஆளு நீங்க! நீங்க ஒரு நோட்டைத் தொலைச்சிட்டீங்கன்னு நம்பினா, நம்ம ரயிலு சொன்ன நேரத்துக்கு வரும்னும் நம்பணும்."

"விடு பொண்ணே," என்றார் அன்செல்மோ. "அன்னிக்கு என் உயிரைக் காப்பாத்தினவங்க அவங்க. இருந்தா குடுக்க மாட்டாங்களா?"

குறிப்பேடு என் மேசையின் இரண்டாம் இழுப்பறையில் இருந்தது. அதன் 112ஆம் பக்கத்தில், அன்செல்மோ அறியாத செய்தி ஒன்று என் கையெழுத்தோடு இருந்தது.

2016 பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை பிற்பகல் 2.10க்குப் பெல் அழைத்தார். மூன்று மணிக்குப் பியானோக்காரர். 2.21க்கு மாற்றம் முடிந்தது. எல்லாப் புகை மணிகளும் பெட்டிக்குள் சென்றன. 2.38க்குப் படிக்கட்டில் புகை ஏறியது. இரண்டாம் தளத்து மரப்பட்டறையில் எண்ணெய்த் துணிகள் தீப்பற்றியிருந்தன. பட்டியலில் ஆள் இருந்த ஒவ்வொரு கதவையும் தட்டி, இருந்தவர்களைக் கீழே இறக்கி, தெருவில் நிறுத்தி எண்ணினேன். ஆறு பேர். பட்டியலைப் பார்த்தேன். பட்டியலிலும் ஆறு பேர். எண்ணிக்கை பொருந்தியது. அது மாற்றத்துக்குப் பிந்தைய பட்டியல். அதில் 4-Cக்கு நேரே "ஆள் இல்லை" என்று என் கைப்படவே எழுதியிருந்தது. அந்தக் கதவை நான் தட்டவில்லை.

தீயணைப்பாளர் ஒருவர் என்னிடம், "மேல யாராவது தூங்கிட்டு இருக்காங்களா?" என்று கேட்டார். ஆண்டுக்கணக்கில் பழகிய குரலில், தடுமாறாமல், "இல்லை. இங்க யாரும் தங்கறதில்ல. வெறும் பட்டறைங்கதான்" என்றேன். அவர் நம்பினார். நம்பும்படியாகப் பேசுவதற்குத்தானே அத்தனை ஒத்திகை. பிறகுதான் 4-C சன்னலின் திரை என் கண்ணில் பட்டது. திரை மூடியிருந்தது. அன்செல்மோ பகலில் உறங்கும்போது மட்டுமே அதை மூடுவார்.

அவரைத் தூக்கிவந்தார்கள். மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தார். நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. சூளையின் வெப்பத்தைத் தாங்க முடியாததால், ரொட்டியைப் பையில் இடும் பகல் வேலைக்கு மாற்றப்பட்டார். படியேறும்போது ஒவ்வொரு தளத்திலும் நின்றார். எந்த அறை, எந்தச் சுவருக்குப் பின்னால் என்று நான்தான் தீயணைப்பாளர்களுக்குச் சொன்னேன் என யாரோ அவரிடம் கூறியிருந்தார்கள். அது உண்மை, பாதி உண்மை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் எள் தூவிய நீள ரொட்டி ஒன்றை என் கதவருகே கொண்டுவந்து தருவார். மூன்றரை ஆண்டுகளாக அந்த ரொட்டியை நான் உண்டுவந்தேன்.

கூட்டம் முடிந்த மறுநாள் ஒடூயாவைத் தொலைபேசியில் அழைத்து, பொதுவாகக் கேட்பதுபோல, அப்படியொரு குறிப்பேடு கிடைத்தால் தேவையான பக்கங்களை மட்டும் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"அப்ப முழுசா கொடுக்கணும், மிஸ் ஹாஸ்லெட். ஒரு பக்கம் குறைஞ்சாலும் பெல்லோட வக்கீல் அந்தப் பக்கத்தைத்தான் கேப்பார்." சற்று நிறுத்தி, "கிடைச்சா சொல்லுங்க" என்றார். தொலைந்திருக்கும் என்று அவரும் நம்பவில்லை.

பத்து நாள் நான் எதுவும் செய்யவில்லை. டோவா படிக்கட்டில் எதிர்ப்பட்டால், "கிடைச்சுதா?" என்று மட்டும் கேட்பாள், பிறகு அதையும் நிறுத்திவிட்டாள்.

அக்டோபர் 3, வியாழக்கிழமை, பெல் அனுப்பிய வாடகைத் தரகர் ஓர் இளம் தம்பதியோடு என் வீட்டுக்குள் வந்தார். ஜனவரியிலிருந்து 4-Aயை எடுக்க விரும்பியவர்கள். அத்தெருவில் இப்போது காப்பிக்கு வரிசையில் நிற்கிறார்கள். சுவர் ஓவியங்களின் முன் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். பழைய தொழிற்சாலை வீடு ஒன்று கிடைப்பது பெருமையாகிவிட்டது. அந்த இளைஞன் என் சன்னல்களை அளவெடுத்தான்.

"ஒரிஜினல் லாஃப்ட்," என்றார் தரகர். "இதுல இதுவரைக்கும் யாருமே குடியிருந்ததில்ல. நீங்கதான் முதல்."

அடுப்பில் என் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கெண்டியைப் பார்த்தாள். என் காலிலிருந்த வீட்டுச் செருப்பைப் பார்த்தாள். "அப்ப நீங்க?" என்றாள், சற்றே கூச்சத்தோடு.

"நான் இங்க வேலை பார்க்கறேன். யாரும் தங்கறதில்ல," என்றேன்.

பெல்லின் ஆளுக்கு முன்னால், என் வீட்டைப் பறிக்க வந்தவர்களுக்கு முன்னால், நானே அதைச் சொன்னேன். எவரும் என்னை வற்புறுத்தவில்லை. அதே குரல், அதே தடுமாற்றமின்மை. தீயணைப்பாளருக்கு விடை சொன்ன குரல் அதுதான். அவர்கள் சென்றபின் அடுப்பை அணைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாலை நான்கரை மணிக்கு அன்செல்மோ ரொட்டியோடு வந்தார். கதவில் சாய்ந்து மூச்சு வாங்கினார். என்னை அவர் ஸ்பானிய மொழியில் மரியாதையாகச் செனோரா என்றே அழைப்பார்.

"நாலு மாடிக்கு மூணே ஓய்வு, செனோரா. வயசு குறையுது எனக்கு!"

"உள்ள வாங்க. உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு படிச்சுக் காட்டணும்."

ரொட்டியை மேசைமேல் வைத்துவிட்டு அமர்ந்தார். பச்சைக் குறிப்பேட்டைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "கிடைச்சிடுச்சா! அந்தப் பொண்ணு இனிமே வாயைத் திறக்க மாட்டா."

"தொலையவே இல்ல," என்றேன். பிறகு 112ஆம் பக்கத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். குரலை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை. "2.47: மேலே யாரேனும் உறங்குகிறார்களா எனத் தீயணைப்பாளர் வினவினார். இல்லை, பட்டறைகள் மட்டுமே என்றேன். 2.51: 4-Cஇல், பொய்ச்சுவருக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார் என்று கூறினேன். வி. ஹாஸ்லெட்."

அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை படிங்க. நேரத்தை மட்டும்."

"2.47. 2.51."

"நாலு நிமிஷம்," என்றார். "சூளையில நாலு நிமிஷம்னா என்னன்னு எனக்குத் தெரியும், செனோரா. ரொட்டிக்கும் கரிக்கும் நடுவுல அவ்வளவுதான் இருக்கு."

மன்னிப்புக் கேட்கத் தயாரித்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று என்னிடம் இருந்தது. அதை நான் தொடங்கும் முன் அவர் கையை உயர்த்தினார்.

"நான் தூங்கல."

"என்ன?"

"அன்னிக்கு நான் தூங்கல. முழிச்சிட்டுத்தான் கிடந்தேன். கீழ சத்தம் கேட்டுச்சு, ஆளுங்க ஓடுற சத்தம். பியானோக்காரர் சீக்கிரமே வந்துட்டார்னு நெனச்சேன். புகை வந்துச்சு. டோவா சூளை பத்த வச்சிருப்பா, பட்டறைன்னு காட்டணும்ல, அதுக்காகன்னு நெனச்சேன். இருமல் வந்துச்சு. தலகாணியை வாயில வச்சு அமுக்கிக்கிட்டேன். நீங்க மூணு தட்டு தட்டுவீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன்."

குறிப்பேட்டை மூடினேன். "ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்றது? வீடு பத்தி எரியறப்ப சத்தம் போடாம படுத்துக் கிடந்தேன்னா? பேக்கரியில சிரிப்பாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவீங்கன்னு வேற நெனச்சேன்." அச்சொல்லில் ஏளனம் இல்லை, அதுவே தாங்க முடியாததாக இருந்தது. "பரவால்ல, நீங்களாவது என்னை நெனச்சு ஆளுங்களை மேல அனுப்பினீங்களேன்னு இருந்துச்சு. பட்டியல்ல நான் எங்க இருந்தேன், செனோரா?"

"ஆள் இல்லைன்னு எழுதியிருந்தேன்."

அவர் தலையசைத்தார். எழுந்தார்.

"நோட்டைக் குடுங்க வக்கீல்கிட்ட. முழுசா குடுங்க. எனக்கு வீடு வேணும். இந்த மூச்சை வச்சிக்கிட்டு நான் எங்க போயி வேற இடம் தேடுவேன்?"

மேசையிலிருந்த ரொட்டியையும் எடுத்துக்கொண்டார். சினத்தில் எடுத்ததாகத் தெரியவில்லை. வைத்த இடம் தவறு என்று உணர்ந்தவர்போல எடுத்தார். அடுத்த வாசலில் சாவி திரும்பும் ஓசை கேட்டது.

திங்கட்கிழமை குறிப்பேட்டை ஒடூயாவிடம் ஒப்படைத்தேன். அவர் என் எதிரிலேயே 112ஆம் பக்கத்தைப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"இது உங்களை நல்லவிதமா காட்டாது, மிஸ் ஹாஸ்லெட்."

"தெரியும்."

"ஆனா இவருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆஸ்பத்திரிச் சீட்டுல வேலை நடுவுல கண்ணயர்ந்தார்னு இருக்கு. இங்க அன்னிக்கே, அந்த நிமிஷத்துலயே, கட்டில், பொய்ச்சுவர், அவர் தினமும் தூங்கற நேரம், எல்லாம் எழுதியிருக்கீங்க. இந்தப் பக்கத்தைக் கிழிச்சிருந்தா அவர் வீடு போயிருக்கும்."

கிழிப்பதைப் பற்றி நான் பத்து நாள் எண்ணியிருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

வழக்கு நிலுவையில் இருந்ததால் டிசம்பருக்குப் பின்னும் நாங்கள் அங்கேயே இருந்தோம்; விசாரணை 2020 பிப்ரவரியில் நடந்தது. பெல்லின் வழக்கறிஞர் 112ஆம் பக்கத்தை என்னிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். என்னைப் பொய் கூறும் வழக்கமுடையவளாகக் காட்டுவது அவர் நோக்கம். நான் படித்தேன். அன்செல்மோ மூன்றாம் வரிசையில் இருந்தார். டோவா அவர் பக்கத்தில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தாள். படித்துமுடித்தபோது என்னை அவள் பார்க்கவில்லை.

முடிவு 2021 மே 6 அன்று வந்தது. ஒன்பது வீடுகளும் வசிப்பிடங்கள் என ஏற்கப்பட்டன. 4-Cக்கு ஆதாரமாகக் குறிப்பேட்டின் 112ஆம் பக்கம் சுட்டப்பட்டிருந்தது. பெல்லின் கடிதங்கள் செல்லாதவையாயின. நெருப்புத் தாங்கும் கதவுகளையும் இரண்டாவது படிக்கட்டையும் தம் செலவில் அவர் அமைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. ஆய்வாளர்களிடம் நான் பொய்யாகக் கையெழுத்திட்ட மூன்று படிவங்களுக்காக எனக்கு அபராதம் விதிக்கப்பட்டது; அதைச் செலுத்தினேன்.

அம்மாதக் கடைசியில் குடியிருப்போர் கூடி, இனிச் செயலராக டோவா இருப்பாள் என்று முடிவு செய்தனர். நானும் அதற்கு ஆதரவாகக் கையுயர்த்தினேன். அவள் எழுதும் கூட்டக் குறிப்புகளில் தேதி இருப்பதில்லை. நான் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. பொய்ச்சுவர் பிரித்து அகற்றப்பட்டது. அன்செல்மோ கூட்டத்தில் ஒரே ஒரு கோரிக்கை வைத்தார்: அவர் கட்டிலுக்கு மேலுள்ள புகை மணியை ஒவ்வொரு மாதமும் நானே வந்து சோதிக்க வேண்டும். அதுவும் ஏற்கப்பட்டது.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு, 4-Cஇன் கதவை மூன்று முறை தட்டுகிறேன். அவர் திறக்கிறார். நாற்காலியில் ஏறிப் பொத்தானை அழுத்துகிறேன், மணி அலறுகிறது, அது ஓயும்வரை இருவரும் நிற்கிறோம். அவர் தலையசைக்கிறார். நான் வெளியே வருகிறேன். வெள்ளிக்கிழமைகளில் ரொட்டி வருவதில்லை.